பன்னிரண்டு மீட்டர் வாய்க்கால்

நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே, எப்போதும் பாதி திறந்தே கிடக்கும் கதவுக்குப் பின்னால் வரைபடப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் ஸ்கேலக்கா யார் என்று கேட்டால் எல்லோரும் ஜன்னலோர மேஜையைக் காட்டுவார்கள். அவளுடைய சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குக்கூடப் போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்த ஸ்கேலால் அவள் கோடு போட்டதைவிட முதுகு சொறிந்துகொண்டதுதான் அதிகம் என்று அவள் தம்பி சொல்வான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த நகரம் முழுக்கக் காகிதத்தில் இருந்தது. இருநூற்று நாற்பது தாள்கள். ஒவ்வொன்றையும் விரித்தால் ஒரு மேஜை நிறையும். நடுவில் ஒரே மடிப்பாக மடித்து, கட்டுக்கட்டாக நாடா போட்டு வைத்திருந்தார்கள். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதற்கு ஆறு பெண்களை எடுத்தார்கள். தாளை ஸ்கேன் செய்து திரையில் போட்டுவிட்டு, மவுஸைப் பிடித்துக்கொண்டு கோட்டின் மேலேயே கோடு போட்டுக்கொண்டு போக வேண்டும். தடித்த இரட்டைக் கோடு சாலை. மெல்லிய இரட்டைக் கோடு வாய்க்கால். ஒற்றைக் கோடு மனை எல்லை. வித்தை அவ்வளவுதான்.

மேற்பார்வை பார்த்தவர் ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். "கண்ணுக்குத் தெரியறதைப் போடு. தெரியாததைப் போடாதே. யோசிக்கிற வேலைக்கு வேற ஆள் இருக்காங்க." அந்த வேறு ஆள் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. யோசிக்கிற பெண் ஒரு வாரத்துக்கு நாலு தாள் முடித்தாள். யோசிக்காதவள் ஏழு முடித்தாள். ஸ்கேலக்கா ஏழு முடித்தாள்.

இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. பழைய தாள்கள் பல, மடித்து மடித்து, மடிப்பிலேயே கிழிந்து இரண்டாகத் தொங்கும். ஸ்கேன் செய்வதற்கு முன்னால் அவற்றை டேப் போட்டு ஒட்ட வேண்டும். மற்றவர்கள் ஒட்டினால் சுருங்கும், கோணும், நடுவில் காற்று நிற்கும். அவள் ஒட்டினால் ஸ்கேல் வைத்து ஒட்டினது மாதிரி நேராக இருக்கும். ஏனென்றால் அவள் ஸ்கேல் வைத்துத்தான் ஒட்டினாள். அந்தப் பட்டப் பேர் வந்ததே அப்போதுதான். கிழிந்த தாள் எது வந்தாலும், "ஸ்கேல்கிட்ட கொடு" என்பார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். கைவேலை சுத்தமாக இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது!

போன வருஷம் நகரமே தண்ணீரில் மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, இனிமேல் எல்லாம் வெளிப்படை என்று நகராட்சி தன் வரைபடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கையில் போன் இருந்தால் போதும், எந்த மனை குடியிருப்புப் பகுதி, எந்தத் தெரு எத்தனை அடி, குழாய் எங்கே, வாய்க்கால் எங்கே என்று யாரும் பார்க்கலாம். இருபத்தாறு வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத அறையிலிருந்து ஸ்கேலக்காவின் கோடுகள் ஊர் கைக்குப் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் தம்பி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள், காட்டுவதற்கு.

தம்பி தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். முன்னறை முழுக்க மோட்டார்கள், பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. பதினான்கு வருஷமாகச் சுவர் சுவராக எழுப்பின வீடு. முதல் அறைக்குத் தகரக் கூரை போட்ட அன்று அவன் மனைவி உள்ளே உட்கார்ந்து சும்மா ஒரு மணி நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்கு முன் அவர்கள் இருந்த இடத்தில் பார்க்கிற மாதிரி ஒரு கூரை இருந்ததில்லை.

ஸ்கேலக்கா போனை நீட்டினாள். "இதுதான் உன் தெரு. இந்தா, உன் வீடு."

"இவ்வளவுதானா? ஏன்க்கா, நீதானே வரைஞ்ச. தம்பி வீடாச்சேன்னு கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கக் கூடாதா?"

அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். மஞ்சள் குடியிருப்பு. சாம்பல் சாலை. சிவப்பு கழிவுநீர்க் குழாய். கடைசியாக நீலத்தைத் தட்டியதும் ஒரு பட்டை வந்து விழுந்தது. தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் மேல் நேராகப் போய், தம்பியின் சமையலறை வழியாக அந்தப் பக்கம் போனது.

"இது என்னக்கா நீலமா?"

"வாய்க்கால்."

"குழாய்ல தண்ணி வர்றதுக்கே வழியைக் காணோம், அடுப்படியில வாய்க்காலா? அப்ப மோட்டார் கடையை மூடிட்டு மீன் பிடிக்கப் போகலாம்."

தம்பி மனைவி சிரித்தாள். ஸ்கேலக்காவும் சிரித்தாள். "பழைய கோடு ஏதாவது இருக்கும். சொல்லி எடுத்துடறேன்" என்றாள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் வேறு வேலை வந்தது. மறந்து போனாள். மறந்தேபோனாள், அதுதான் உண்மை.

நாலு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. வெள்ளத்துக்குக் காரணம் வாய்க்கால்களை அடைத்த வீடுகள்தான் என்று யாரோ வழக்குப் போட, வரைபடத்தில் வாய்க்கால் என்று இருக்கும் இடத்தில் உள்ள எல்லாக் கட்டடங்களையும் அகற்று என்று கோர்ட் சொல்லியிருந்தது. அந்தத் தெருவில் இருபத்துமூன்று வீடுகள். இருபத்தோரு நாள் கெடு. இருபத்திரண்டாம் நாள் காலை இடிக்கிற இயந்திரம் வரும்.

தம்பி போன் செய்தான். குரலில் இன்னும் பாதி விளையாட்டு இருந்தது. "அக்கா, அந்த நீலக் கோடு வீட்டுக்கே வந்துடுச்சு."

"பயப்படாதே. நான் பாத்துக்கறேன்."

அவன் ஆறு வயதில் பள்ளிக்கூடத்து ஜன்னலை உடைத்துவிட்டு ஓடிவந்த நாளிலிருந்து அவள் அவனுக்குச் சொல்லிவந்த வார்த்தை அது. அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். இடுப்பில் வைத்துத் தூக்கின தம்பி. அவள் அந்த வார்த்தையைச் சொன்னால் அவன் அந்த விஷயத்தை அதற்குமேல் நினைக்கவே மாட்டான். அன்றும் அப்படித்தான், சரிக்கா என்று போனை வைத்துவிட்டு மோட்டாரைக் கழற்றப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் அந்த நீலப் பட்டையைத் திரையில் எடுத்து, அதன் குறிப்பைத் திறந்தாள். தாள் எண் 112. அகலம் 12 மீட்டர். வரைந்தவர்: 6.

ஆறு என்பது அவள்தான்.

படத்தைச் சுருக்கித் தூரத்திலிருந்து பார்த்தாள். அந்த வாய்க்கால் 112ஆம் தாளின் மேற்கு ஓரத்தில் தொடங்கி, தாளின் சரி நடுவில் ஓடி, கிழக்கு ஓரத்தில் நின்றது. பக்கத்துத் தாள் இரண்டிலும் வாய்க்காலே இல்லை. எங்கிருந்தும் வராமல், எங்கேயும் போகாமல், ஒரு வளைவுகூட இல்லாமல், அறுநூறு மீட்டருக்குக் கோடு கிழித்த மாதிரி ஓடுகிற தண்ணீர் உலகத்தில் எங்கே இருக்கிறது? மேஜை இழுப்பறையைத் திறந்தாள். டேப் உருளை கிடந்தது. இத்தனை வருஷமாக ஆபீசில் வாங்குவது அதே டேப்தான். ஒரு துண்டைக் கிழித்து வெள்ளைத் தாளில் ஒட்டி, கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர்.

கிழிந்த தாளை அவள்தான் ஒட்டியிருக்கிறாள். ஸ்கேனில் டேப்பின் இரண்டு ஓரமும் மெல்லிய இரண்டு கோடாக விழுந்திருக்கின்றன. மெல்லிய இரட்டைக் கோடு வாய்க்கால். கண்ணுக்குத் தெரிந்ததைப் போட்டிருக்கிறாள். கோணல்மாணலாக ஒட்டியிருந்தால் டேப் என்று யாருக்கும் தெரிந்திருக்கும். அவள் ஒட்டினது அவ்வளவு நேர்த்தி. அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஏழு தாளில் ஒரு தாள், அவ்வளவுதான் அது அவளுக்கு அன்றைக்கு.

அவள் கணவர் அன்று மாலை முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "முதல்ல தம்பிகிட்ட சொல்லிடு."

"சரி பண்ணிட்டுச் சொல்றேன்" என்றாள். "தப்பையும் சொல்லி, வழியும் இல்லேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?"

பிரிவுத் தலைவர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்ட மனிதர் இல்லை, பயந்தவர். பயந்தவரோடு வேலை செய்வதில் ஒரு சங்கடம், அவர் எதையும் மறுக்க மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார். டேப் ஒட்டின தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது புரியுதுக்கா. ஆனா கோர்ட்டுக்குப் போயிருக்கறது இந்த மேப்தான். இது தப்புன்னா எதை வச்சுச் சொல்றது? பக்கத்துத் தாள்ல இல்லையேன்னு சொன்னா, அங்க வரையாம விட்டுட்டாங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க."

"நேர்ல போய்ப் பாக்கச் சொல்லுங்க சார். அங்க வாய்க்கால் இருந்த சுவடே கிடையாது."

"அதைத்தான் அவங்களும் சொல்றாங்க. மேப்ல இருக்கு, தரையில இல்ல. அப்ப மூடிட்டாங்கன்னுதானே அர்த்தம்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்கேன்லயும் இதே ரெண்டு கோடுதான் தெரியும், அசல் தாள் வேணும்க்கா. அந்த டேப்போட அசல் தாள் கிடைச்சா நான் மேல கொண்டு போறேன்."

அசல் தாள்கள் கீழ்த்தளத்துப் பதிவறையில் இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். போன வருஷ வெள்ளத்தில் முதலில் முழுகியது அந்த அறைதான். பதிவறைக்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார். "என்ன தாள் வேணும்? கஞ்சி வேணும்னா சொல்லுங்க, வாளி வாளியா இருக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்து, பலகை பலகையாகக் கிடந்தன. எண்கள் அழிந்திருந்தன. ஸ்கேலக்கா தினமும் தன் வேலையை அவசர அவசரமாக முடித்துவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அங்கே இறங்கினாள். எஃகு ஸ்கேலின் முனையை விட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். சில தாள்கள் தோல் மாதிரி உரிந்து வந்தன. சில கையிலேயே உதிர்ந்தன. எந்தத் தெரு எந்தத் தாள் என்று அவளுக்குத்தான் தெரியும் என்பதால் வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒன்பது நாள் போயிற்று. கெடுவில் ஒன்பது நாள்.

நடுவில் தம்பி மூன்று தடவை போன் செய்தான். முதல் தடவை, "ஆச்சாக்கா?" என்றான். இரண்டாம் தடவை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் தன்னைத்தான் கேட்கிறார்கள், உன் அக்கா ஆபீசில்தானே இருக்காங்க என்று தைரியமாக இருக்கிறார்கள் என்றான். மூன்றாம் தடவை அவன் மனைவி வாங்கிப் பேசினாள். "அண்ணி, ஒண்ணும் ஆகாதில்ல?" ஒண்ணும் ஆகாது என்று ஸ்கேலக்கா சொன்னாள்.

பதினாறாம் நாள் 112 கிடைத்தது. பாதி.

டேப் எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டது. தாள் மறுபடி இரண்டாகப் பிரிந்து, வடபாதி மட்டும் ஒரு பலகையின் அடியில் தப்பியிருந்தது. தென்பாதி கஞ்சியில் எங்கே போனதோ. வடபாதியின் கிழிந்த ஓரத்தில், டேப் இருந்த இடத்தில், ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு பழுப்புக் கறை. அவள் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். லிஃப்டில் போனால் யாராவது இடித்துவிடுவார்களோ என்று பயம்.

பிரிவுத் தலைவர் அதை வெகுநேரம் பார்த்தார். "அக்கா, இதுல கறை தெரியுது. ஆனா இது டேப்போட கறைன்னு எப்படிச் சொல்றது? வாய்க்காலோட வடகரைக்குப் போட்ட வண்ணம்னு அவங்க சொல்லுவாங்க. ரெண்டு பாதியையும் சேத்து வச்சு, நடுவுல வாய்க்காலுக்கு இடமே இல்லைன்னு காட்டலாம். ஒரு பாதியை வச்சு எதைக் காட்டறது?"

"நான் எழுதித் தரேன் சார். நான்தான் ஒட்டினேன், நான்தான் வரைஞ்சேன், தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். வேலை போனாலும் போகட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "எழுதித் தரலாம். ஆனா எழுதித் தர்றது யாரு? அந்தத் தெருவுல வீடு இருக்கறவரோட அக்கா. தம்பி வீட்டைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்கன்னு ஒரே வரியில தூக்கிப் போட்டுடுவாங்க. அது வேற யார் வீடா இருந்தாலும் உங்க பேச்சு நிக்கும்க்கா. உங்க தம்பி வீடுங்கறதாலதான் நிக்காது."

தப்பு அவளுடையது என்பதை ஊரில் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அவள் பாதித் தாளைச் சுருட்டாமல் மேஜைமேல் விரித்தபடியே வைத்துவிட்டு, பெண்கள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய் ஓடுகிற சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது என்று அந்த மாடியில் வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

பதினேழாம் நாள் தம்பி நாலு தடவை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? பார்த்துக்கொள்கிறேன் என்று இனிமேல் சொல்ல வாய் வரவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. போனைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அது கவிழ்ந்தபடியே நடுங்கி நடுங்கி ஓய்ந்தது.

பதினெட்டாம் நாள் காலை ஒரு செய்தி வந்தது. "அக்கா, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் ஜன்னல், கதவையாவது கழட்டிக்குவேன்."

அவள் படித்தாள். இரண்டு தடவை பதில் அடித்து இரண்டு தடவையும் அழித்தாள். இந்தப் பெண் தன் வாழ்நாளில் செய்த எல்லாத் தவறையும் வரிசையாக நிற்கவைத்தால், அந்த டேப்புக்கு முன்னால் இதைத்தான் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வேன். டேப்பை ஒட்டியபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. இது தெரிந்தே செய்தது.

பத்தொன்பதாம் நாள், செய்ய ஒன்றும் இல்லாமல் திரையில் நகரத்தைச் சும்மா தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஸ்கேல் மாதிரி நேராக ஒரு நினைப்பு வந்தது. நான் ஒட்டினது ஒரு தாளா? எத்தனை தாள் ஒட்டினேன்! எல்லாவற்றிலும் டேப் இருந்திருக்குமே! ஒன்பது நாள் கீழே கஞ்சியைக் கிண்டியதற்குப் பதில், மூன்றாவது மாடியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேடியிருக்கலாம். காகிதத்தில் வளர்ந்தவள், அசல் என்றதும் காகிதத்தைத் தேடிப் போய்விட்டாள். நெற்றியில் அறைந்துகொண்டு தேட ஆரம்பித்தாள். வாய்க்கால், பன்னிரண்டு மீட்டர், வளைவில்லாதது, வரைந்தவர் ஆறு.

ஐந்து வந்தன. ஐந்தும் அந்தந்தத் தாளின் சரி நடுவில், ஓரத்திலிருந்து ஓரம் வரை. ஒன்று 112. இரண்டு வெறும் திடல். ஒன்று ரயில் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஐந்தாவதைப் பார்த்ததும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சார், இங்க வந்து பாருங்க."

பிரிவுத் தலைவர் வந்து குனிந்து பார்த்தார். ஊருக்கு வெளியே கல் உடைக்கிற மலை. வாய்க்கால் மலையின் இந்தப் பக்கம் அடிவாரத்தில் தொடங்கி, எண்பது மீட்டர் உயரம் ஏறி, உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

"தண்ணி மலை ஏறுதாக்கா?"

"ஏறுது சார். நேராவே ஏறுது."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அந்த மலைமேல உங்க தம்பி யாரும் இல்லையே?"

"இல்லை சார்."

அன்றைக்குப் பயந்தவர் பயப்படவில்லை, அதை எழுதத்தான் வேண்டும். மலைப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு தானே ஆணையர் அறைக்குப் போனார். இருபதாம் நாள் முழுக்க அறை வாசலில் நின்றார். ஸ்கேலக்கா குட்டி போட்ட பூனை மாதிரி லிஃப்டுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லேன் என்று கணவர் மதியம் போனில் சொன்னார். "கையெழுத்தாகட்டும். வெறுங்கையோட போய் மறுபடி ஆசை காட்ட மாட்டேன்" என்றாள். மேலே கையெழுத்தாகிறவரை எதுவும் காகிதம் இல்லை என்று இருபத்தாறு வருஷத்தில் கற்றிருந்தாள்.

இருபத்தோராம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கையெழுத்தானது. ஐந்து கோடுகளும் பிழை. இருபத்துமூன்று வீடுகளையும் அகற்றும் நடவடிக்கை நிறுத்தப்படுகிறது. அவள் தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தாள். நகல் கசங்கக் கூடாது என்று மடியில் விரித்து, மேலே எஃகு ஸ்கேலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

தெருமுனையில் இறங்கியபோது முதல் வீடு நின்றது. இரண்டாவது நின்றது. துணி காய்ந்துகொண்டிருந்தது. எல்லா வீடும் நின்றன. எல்லாரும் அவளை நம்பி நின்றிருந்தார்கள். பதினான்காவது இடத்தில் வானம் தெரிந்தது.

கூரைத் தகரங்கள் அடுக்கி வைக்கப்பட்டு ஒரு வண்டியில் ஏறியிருந்தன. சுவர்கள் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன. செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி, காரை நீக்கி, வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தம்பி தரையில் உட்கார்ந்து ஒரு ஜன்னல் சட்டத்திலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். முடியெல்லாம் செங்கல் தூள். அவளைப் பார்த்து எழுந்து நின்றான்.

"ஏன்டா?" என்றாள். "ஏன்டா இப்படிப் பண்ணின? நாளைக்குத்தானேடா இயந்திரம் வருது?"

"இயந்திரம் வந்தா எல்லாத்தையும் நொறுக்கிடும்க்கா. நாமளே இறக்கினா செங்கலாவது மிஞ்சும்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீ போனை எடுக்கலையே. நீ எடுக்கலைன்னா முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்? பக்கத்துல இருக்கறவங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்ல."

அவள் காகிதத்தை நீட்டினாள். அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தான். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய.

"அப்ப வாய்க்கால் இல்லையா?"

"இல்லை."

"எப்பவுமே இல்லையா?"

"எப்பவுமே இருந்ததில்லைடா."

"அப்ப யாருக்கா அந்தக் கோட்டைப் போட்டது?"

தெருவில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "நான்தான்டா."

அவன் காகிதத்தை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "அக்காவுக்கு உட்கார ஏதாவது போடு" என்றான். தம்பி மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள். நாற்காலி எல்லாம் வண்டியில் போய்விட்டது. கழற்றி வைத்திருந்த வாசல் கதவைச் செங்கல் அடுக்கின்மேல் சாய்க்காமல் படுக்கப் போட்டு, முந்தானையால் துடைத்து, "உட்காருங்க அண்ணி" என்றாள். ஸ்கேலக்கா அந்தக் கதவின்மேல் உட்கார்ந்தாள். தம்பி மறுபடி ஆணி பிடுங்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு நடந்தது ஆபீஸ் வேலை. கோட்டை நீக்குவதற்கு முன்னால், அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்துப் பதிய வேண்டும் என்பது விதி. அவள் தம்பியின் மனையும் அங்கே இருந்ததால் வேறு ஒருவர்தான் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு கட்டடம், ஒரு காலி மனை. கூரை இல்லாதது கட்டடம் இல்லை, அதுவும் விதி. திரும்பக் கட்டலாமே என்றால், புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு மனை ஆறு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். தம்பியின் மனை ஐந்தரை. பழைய வீடு நின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிரிவுத் தலைவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "விலக்கு கேட்டு எழுதிப் பாக்கலாம்க்கா" என்றார். எழுதினார்கள். அது இன்னும் எங்கேயோ கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

எழுதிக்கொண்டு வந்ததைத் திரையில் ஏற்றுகிற வேலை ஸ்கேலக்காவுடையது. வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று தலைவர் கேட்டார், வேண்டாம் என்றாள். முதலில் நீலப் பட்டையை அழித்தாள். ஒரே தட்டில் போய்விட்டது. பிறகு இருபத்திரண்டு வீடுகளையும் சரிபார்த்தாள். பிறகு பதினான்காவது மனைக்கு வந்தாள். அந்தச் சின்னக் கட்டத்தின் நாலு மூலையையும் இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் தேர்ந்து, அழித்தாள். வரைந்தவர் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே 6 என்று போட்டுக்கொண்டது.

பொதுமக்கள் வரைபடம் மதியம் இரண்டு மணிக்குப் புதுப்பிக்கப்படும். நாலு மணிக்கு அவள் போனில் ஒரு செய்தி வந்தது. வீட்டை இறக்கிய நாளிலிருந்து தம்பி அனுப்பிய முதல் செய்தி அது. அவன் இப்போது மோட்டார் கடைக்கு வாடகைக்கு எடுத்த ஒரே அறையில் குடும்பத்தோடு இருக்கிறான்.

"அக்கா, மேப்ல என் வீட்டைக் காணோம்."

இந்தத் தடவை அவள் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.